பொடி பறக்காத பதம்

கல் அரைக்கும் ஆலையில் அவரை எல்லோரும் சல்லடையம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்தாறு வருஷம் சல்லடைப் பக்கம் நின்றவர். ஒரு சிட்டிகைப் பொடியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாரென்றால், அது எந்தச் சல்லடையில் இறங்கியது என்று சொல்லிவிடுவார். பின்னாளில் சோதனை நிலையத்திலிருந்து ஒரு கருவி வந்தது. அதுவும் பெரும்பாலும் அவர் சொன்னதையேதான் சொன்னது. என்ன, அதற்கு அரைமணி நேரம் பிடித்தது.

கணவர் அதே ஆலையில் அரவை மிஷினை ஓட்டியவர். இப்போது முன்னறையில் ஜன்னலை ஒட்டிய நாற்காலியில், முதுகுக்கு மூன்று தலையணை வைத்து உட்கார்ந்திருக்கிறார். படுத்தால் மூச்சு முட்டுவதால் தூக்கமும் அந்த நாற்காலியில்தான். நுரையீரலில் கல்தூசி படிந்துவிட்டது என்று மருத்துவர் படம் எடுத்துக் காட்டினார். "என் நெஞ்சுக்குள்ள ரெண்டு ரூம் கட்டலாம், ஜல்லி வெளிய வாங்க வேண்டாம்" என்று அவரே சொல்லிக்கொள்வார். இதைச் சொல்லி முடிக்க அவருக்கு இரண்டு மூச்சு வேண்டும். நடுவில் யாராவது சிரித்துவிட்டால், "இரு, இன்னும் முடிக்கலை" என்று கோபித்துக்கொள்வார்.

ஆலையில் ஒரு பழக்கம் இருந்தது. தூசியைச் சோதிக்கும் அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தால், காலை ஆறு மணிக்கே ரப்பர் குழாயைப் பிடித்துக் குவியல், பாதை, மிஷின், பக்கத்து மரத்தின் இலை வரை நனைத்துவிட வேண்டும். பத்து மணிக்கு அவர் வரும்போது காற்று கழுவித் துடைத்தது போலிருக்கும். பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மத்தியானத்துக்குள் எல்லாம் காய்ந்து பழையபடி பறக்க ஆரம்பிக்கும். "ஆள் வர்றாங்க" என்று ஒருவர் சொன்னால், "தண்ணியை எடு" என்று அர்த்தம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக்கூட இதை யாரும் விளக்கிச் சொன்னதில்லை.

பிறகு ஆலையை மூடிவிட்டார்கள். முதலாளி மிஷின்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். யாரும் வாங்காத பொடி மட்டும் மூன்று ஆள் உயரத்துக்கு, ஒரு தெரு நீளத்துக்கு அங்கேயே கிடந்தது. காற்றடித்தால் பாதி ஊர் துணி காயப்போட முடியாது.

வயல்காரர்களுக்கு வேறு கவலை. மழை தன் மாதத்தில் வருவதை விட்டுவிட்டது. விதைத்த பத்தாம் நாள் கொட்டித் தீர்க்கும். அப்புறம் ஐம்பது நாள் எட்டிப் பார்க்காது. மண்ணும் உரம் போட்டுப் போட்டுப் புளித்துக் கிடந்தது. விவசாயிகள் சங்கமும், ஆலையில் வேலை போனவர்களும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு கூட்டுறவு ஆரம்பித்தது அப்போதுதான். ஆராய்ச்சி நிலையம் ஒன்று உதவிக்கு ஓர் இன்ஜினியர் பெண்ணை அனுப்பியது. பள்ளிக்கூட ஹாலில் அந்தப் பெண் படம் போட்டு விளக்கியதைச் சல்லடையம்மா வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னார்.

"மழைத்தண்ணி, புகையிலேர்ந்து காத்துல சேர்ற கரிக்காத்தைக் கொஞ்சம் கரைச்சுக்கிட்டுத்தான் இறங்குதாம். கீழ நம்ம பொடி கிடந்தா, அதோட சேர்ந்து உப்பு மாதிரி ஆயிடுமாம். அப்படியே ஆத்தோட கடலுக்குப் போயிட்டா ஆயிரக்கணக்கான வருஷம் அங்கேயே கிடக்குமாம்."

"யாரு இருந்து பாத்தாங்க?"

"மலையில தானா நடக்கிற வேலைதானாம். முழுக் கல்லுல மெதுவா நடக்கும். பொடியா இருந்தா சீக்கிரம். எவ்வளவுக்கு மாவா இருக்கோ அவ்வளவுக்கு நல்லது. மண்ணோட புளிப்பும் குறையுமாம்."

"ஒன்பது வயல்ல தூவினா உலகத்துச் சூடு குறைஞ்சிடுமா?"

"குறையாதுன்னு அந்தப் பொண்ணே சொல்லுச்சு. எல்லா ஊர்லயும் பண்ணணுமாம். புகை விடறதையும் குறைக்கணுமாம். ரெண்டுல ஒண்ணு மட்டும் பண்ணா போதாதாம்."

மிஷின்காரர் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பது வருஷம் நான் தின்னேன்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "இனி மண்ணு தின்னட்டும். அதுக்காவது செரிக்குதா பாப்போம்" என்று முடித்தார்.

முதல் வருஷத்துக்கு ஒன்பது வயல்கள் என்று முடிவானது. எது முதலில், எது பிறகு என்ற வரிசையைச் சங்கத் தலைவர் போட்டார். தலைவராக இருக்கிறோமே என்று தன் வயலைக் கடைசியில் வைத்துக்கொண்டார். அதைக் கூட்டத்தில் இரண்டு தடவை சொல்லவும் செய்தார்.

பொடியைச் சலித்து வண்டியில் ஏற்றும் வேலைக்குப் பதினான்கு பெண்கள். அவர்களுக்குத் தலைவி சல்லடையம்மா. பதினான்கு பேரில் ஒருத்தி அவருடைய மருமகள். மகன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பான். மருமகள் வீட்டில் தையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். "உக்காந்து உக்காந்து இடுப்பே போச்சு அத்தை, நானும் வர்றேனே" என்று அவள் கேட்டபோது மாமியாருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடப் போக, கூட வர ஓர் ஆள். மிஷின்காரர் மட்டும் அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவது சிரமம் என்பதால் இருக்கும் என்று இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள்.

சுண்ணாம்பு தூவுகிற வண்டியைத்தான் கொண்டுவந்திருந்தார்கள். பெரிய தொட்டி, அடியில் சுழல்கிற இரண்டு தட்டு. பொடி உலர்ந்திருந்தால்தான் அதில் இறங்கும். மேலே ஏற்றும்போது ஒரு புகை மண்டலம் எழும்பும். வயலில் தூவும்போது இன்னொன்று. முகக்கவசம் கொடுத்திருந்தார்கள், நல்ல கெட்டியான கவசம். காலை ஒன்பது மணி வரை அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்யலாம். அப்புறம் வியர்வையில் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொள்ளும். பத்து மணிக்குப் பதினான்கு கவசமும் பதினான்கு தாடைக்குக் கீழே தொங்கும்.

இரண்டு வயல் முடிந்திருந்தபோது மருமகள் இருமத் தொடங்கினாள். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளை முன்னறையிலிருந்து மிஷின்காரர் கூப்பிட்டார்.

"எத்தனை நாளா இருக்கு?"

"சளி மாமா."

"சளின்னா மூக்கு ஒழுகணும். உனக்கு ஒழுகலையே."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு மாமியாரைப் பார்த்தாள். சல்லடையம்மா பார்க்காதது மாதிரி காய் நறுக்கிக்கொண்டிருந்தார். இந்த வேலைக்கு அவளைக் கூட்டிப்போனது யார் என்பது அந்த வீட்டில் யாரும் கேட்கத் தேவையில்லாத கேள்வி.

மறுநாள் சல்லடையம்மா இன்ஜினியர் பெண்ணிடம் போனார். அந்தப் பெண் நல்லவள். எதையும் மறைக்கத் தெரியாதவள்.

"உங்க வீட்டுக்காரர் அரைச்சதுல வேற கல்லும் கலந்திருந்துச்சும்மா. அந்த வியாதியைக் கொண்டுவர்ற படிகம் இந்தக் கறுப்புக் கல்லுல ரொம்பக் குறைவு. சோதிச்சுப் பாத்திருக்கோம்."

"குறைவுன்னா இல்லைன்னு அர்த்தமா மேடம்?"

"இல்லைன்னு சொல்ல மாட்டேன். எந்தப் பொடியும் நெஞ்சுக்கு ஆகாது. மாஸ்க்கைக் கழட்டாம இருந்தாங்கன்னா போதும்."

"நீங்க ஒரு நாள் அதைப் போட்டுக்கிட்டு மண்வெட்டி பிடிச்சுப் பாருங்களேன்."

சொன்னது குத்தலாகத்தான். ஆனால் அந்தப் பெண் மறுநாள் காலையில் மண்வெட்டியோடு வந்து நின்றாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினொரு மணிக்கு அவள் தண்ணீர் குடிக்க நிமிர்ந்தபோது, அவளுடைய கவசமும் தாடைக்குக் கீழே இருந்தது. எப்போது இறக்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. யாரும் சொல்லவுமில்லை. ஒருத்தி மட்டும், "மேடம், மூக்கைத் துடைச்சுக்குங்க, மீசை முளைச்சிருக்கு" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் இன்ஜினியர் பெண் ஒரு தகவல் சொன்னாள். நிலையத்திலிருந்து நாலு பேர் வந்து பொடியை அளக்கப் போகிறார்கள். நைசு எவ்வளவு, எடை எவ்வளவு என்று பார்த்தால்தான், எவ்வளவு கரி காற்றிலிருந்து இறங்கும் என்று கணக்கிட முடியும். "நாளைக்குப் பத்து மணிக்கு ஆள் வர்றாங்க. எல்லாம் தயாரா இருக்கட்டும்."

எல்லாம் தயாராக இருந்தது. ஆறு மணிக்கே சல்லடையம்மா குழாயைப் பிடித்துவிட்டார். பதினான்கு பேரும் முறை வைத்துக் குவியலை உச்சி முதல் அடி வரை குளிப்பாட்டினார்கள். வண்டியைக் கழுவினார்கள். பாதையில் தண்ணீர் தெளித்தார்கள். பத்து மணிக்குக் கருவிகளோடு வந்து இறங்கியவர்கள், பளபளவென்று கறுத்து நின்ற மலையை அண்ணாந்து பார்த்தார்கள். இன்ஜினியர் பெண் குவியலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"யாரும்மா இதை நனைச்சது?"

"நாங்கதான் மேடம்" என்றார் சல்லடையம்மா பெருமையாக. "ஆள் வர்றாங்கன்னு சொன்னீங்களே."

வந்தவர்கள் உலர்ந்த பொடியை அளக்க வந்தவர்கள். இரண்டு பையில் ஈரக் களியை வழித்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு நாள் வருகிறோம் என்று போய்விட்டார்கள். அன்று மத்தியானம் வண்டியில் போட்ட பொடி கீழே இறங்காமல் தொட்டிக்குள்ளேயே வளைவு கட்டி நின்றுகொண்டது. அடியில் தட்டு சும்மா சுற்றியது. மறுநாள் வெயிலில் குவியலின் மேல்பக்கம் இறுகி ஓடு கட்டிவிட்டது. கடப்பாரை போட்டு உடைக்க வேண்டியிருந்தது. சங்கத் தலைவர் சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, ஒரு காலை ஊன்றிக்கொண்டே கத்தினார்.

"மழைக்கு இன்னும் பன்னெண்டு நாள்தான்மா இருக்கு. அந்த மலையை யாரு உங்களைக் குளிப்பாட்டச் சொன்னது? பவுடர் போட்டு, பொட்டு வச்சு விடலையா?"

சல்லடையம்மாவுக்கு அது இருபத்தாறு வருஷத்தில் கை தானாகச் செய்த வேலை. இந்தத் தடவை அளக்க வந்தவர்கள் உண்மையாகவே அளக்க வந்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

உடைப்பதிலும் புரட்டிக் காயவைப்பதிலும் மூன்று நாள் போயிற்று. மூன்றாம் நாள் மாலை, வழக்கம்போல் இரண்டு பேரின் தலைத்துணியையும் வாளியில் ஊறப்போட்டு அலசினார். தினமும் வாளித் தண்ணீர் சிமெண்ட் கரைத்தது போல ஆகிவிடும். அடியில் ஒரு விரல் கனத்துக்கு வண்டல் நிற்கும். அன்று வாளியின் அடி தெரிந்தது. அவர் தண்ணீரைக் கொட்டாமல் அப்படியே வைத்துவிட்டு மருமகளைக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு இருமினியா?"

"காலையில ரெண்டு தடவை அத்தை. நேத்தும் கம்மிதான்."

"மத்தவங்க?"

மருமகள் யோசித்தாள். "யாரும் இருமின மாதிரி ஞாபகம் இல்லையே."

மூன்று நாளாக அவர்கள் வாரிக்கொண்டிருந்தது அடிப்பக்கத்து ஈரப் பொடியை.

மறுநாள் சாயங்காலம் ஹாலில் கூட்டம். பொடி காய்ந்துவிட்டது, நாளையிலிருந்து இரண்டு மடங்கு வேகத்தில் தூவலாம் என்று இன்ஜினியர் பெண் சொல்லி முடித்ததும், பின் பெஞ்சிலிருந்து சல்லடையம்மா எழுந்தார்.

"காய வேண்டாம் மேடம். காஞ்ச பொடியை நாங்க ஏத்த மாட்டோம்."

தலைவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று சந்தேகம் வந்துவிட்டது. "நனைச்சுக் கெடுத்ததும் நீங்க, இப்ப காய வேண்டாங்கிறதும் நீங்களா? நாம என்ன விளையாட்டுக்கா பண்றோம்? உலகத்துக்கே நல்லது பண்றோம். ஒரு வாரம் பொறுத்துக்க முடியலையா உங்களால?"

"உலகத்துல நாங்களும் இருக்கோம்ல தலைவரே."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "தூவலைன்னா நிலையத்துக்காரங்க அடுத்த வருஷம் வேற ஊர் பாத்துக்குவாங்க. அப்புறம் உங்க பதினாலு பேருக்கும் என்ன வேலை?"

அது பெண்களுக்குச் சுருக்கென்று தைத்தது. பக்கத்தில் இருந்தவள் மெல்லக் கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, அவர் சொல்றதும் சரிதானே. வேலை போயிடுமே."

சல்லடையம்மா உட்காரவில்லை. குரலும் உயரவில்லை. "என் வீட்டுல ஒருத்தர் உக்காந்துகிட்டே தூங்குறார். அது உங்க எல்லாருக்கும் தெரியும். அந்த ரூம்ல இன்னொரு நாற்காலி போட இடமில்லை."

இன்ஜினியர் பெண்தான் முதலில் பேசினாள். "எனக்கும் புரியுதும்மா. ஆனா நனைஞ்சா வண்டியில இறங்காது. நாமளே பாத்தோமே."

"எவ்வளவு நனைஞ்சா இறங்காது?"

உலர்ந்த பொடிக்கும், குளிப்பாட்டிய பொடிக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று அதுவரை யாரும் பார்த்திருக்கவில்லை.

மறுநாள் காலை சல்லடையம்மா ஒரு பழைய தொட்டியில் பொடியைக் கொட்டி, சந்தைக் கழிவில் செய்த மக்கிய உரத்தையும் சேர்த்து, தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்துப் பிசைந்தார். ஆவியில் வேகவைக்கிற மாவுக்கு ஒரு பதம் உண்டு. பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதம் வந்ததும் ஒரு பிடியை இன்ஜினியர் பெண்ணின் உள்ளங்கையில் வைத்தார். அவள் ஊதிப் பார்த்தாள். பறக்கவில்லை. தட்டிப் பார்த்தாள். உதிர்ந்தது.

சுண்ணாம்பு வண்டி அதையும் ஏற்கவில்லை, தொட்டி மறுபடி அடைத்துக்கொண்டது. ஆனால் எரு வீசுகிற வண்டி ஏற்கும் என்று மருமகள்தான் சொன்னாள். அதற்கு அடியில் தட்டு கிடையாது, பின்பக்கம் சுழல்கிற பற்கள். ஊரில் இருந்த ஒரே எரு வண்டி தலைவருடைய கொட்டகையில் கோழி அடைய உதவிக்கொண்டிருந்தது. அவர் கோழிகளை விரட்டிவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வண்டியைக் கொடுத்தார்.

வேகம் பாதியாகக் குறைந்தது. பிசைவதற்கே நேரம் போயிற்று. வயல்காரர்களின் வீட்டிலிருந்தும் ஆட்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். "தண்ணி போதும்", "இன்னும் கொஞ்சம் தெளி" என்று ஆளுக்கொரு பதம் சொன்னார்கள். கடைசியில் எல்லோரும் ஒரு பிடியைக் கொண்டுவந்து சல்லடையம்மாவிடம் நீட்டினார்கள். அவர் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தால்தான் வண்டிக்குப் போகும். அப்படி மூன்று வயல் முடிந்தது. முன்பு முடிந்த இரண்டோடு ஐந்து. மழை சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முந்தி வந்துவிட்டது.

நாலு வயல் நின்றுபோயிற்று. மழையில் சேறான வயலில் சக்கரம் இறங்காது. சேறு காய்ந்தால் விதைத்துவிடுவார்கள். இன்ஜினியர் பெண் தன் அறிக்கையில் நினைத்ததில் பாதிக்குச் சற்று மேல் என்று எழுதி அனுப்பினாள். ஏன் குறைந்தது என்பதற்கு ஒரு பக்கம் தனியாக எழுதினாள் என்று பிறகு தெரிந்தது.

மழை விடாமல் பெய்த மூன்றாம் நாள் பிற்பகல், சங்கத் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். பின்கட்டில் இருந்த பெண்கள் இரண்டு பேருக்கும் அவர் கூப்பிட்டது கேட்கவில்லை. மிஷின்காரர் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். நாற்காலியிலிருந்து கதவுக்கு ஏழு அடிதான். திறந்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைவர் மடக்கிய குடையோடு வாசலில் காத்திருந்தார். உள்ளே வாங்க என்ற இரண்டு வார்த்தை வர அவ்வளவு நேரம் ஆனது.

தேநீர் வரும்வரை தலைவர் மழையைப் பற்றிப் பேசினார். வந்ததும் விஷயத்துக்கு வந்தார்.

"அடுத்த வருஷத்துக்கு ஒரு யோசனைம்மா. நீங்க சிரமப்பட வேண்டாம். வெளியூர்லேர்ந்து ஆளுங்க கிடைக்கிறாங்க. உலர்ந்த பொடியை அவங்க ஏத்திட்டுப் போயிடட்டும். பதம் பாக்கிற வேலை இல்லை, ஒரே வாரத்துல ஒன்பது வயலும் முடிஞ்சிடும். நீங்க சலிச்சு மட்டும் குடுங்க."

சல்லடையம்மா தம்ளரைக் கீழே வைத்தார். "வெளியூர்க்காரங்க எதால மூச்சு விடுவாங்க?"

"அவங்க ஒரு வாரம் இருந்துட்டுப் போறவங்க."

"ஒரு வாரம் நம்ம ஊரு. அடுத்த வாரம் பக்கத்து ஊரு. எல்லா ஊர்லயும் தூவணும்னுதானே பேச்சு. அவங்க வருஷம் பூரா இதையே திம்பாங்க தலைவரே."

தலைவர் மிஷின்காரரைப் பார்த்தார். ஆண் பிள்ளை, தன் பக்கம் ஏதாவது சொல்வார் என்று இருக்கலாம். மிஷின்காரர் இன்னும் கதவு வரை போய்வந்த களைப்பில் இருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, மூச்சுக்காக நிறுத்தினார். தலைவர் காத்திருந்தார். மறுபடி முயன்றுவிட்டு, வேண்டாம் என்று மிஷின்காரர் கையை ஆட்டிவிட்டார். தலைவர் பார்வையை எடுத்துத் தேநீரில் வைத்துக்கொண்டார்.

"என் வயல் விட்டுப்போச்சும்மா" என்றார், முன்னைவிடத் தாழ்ந்த குரலில். "பாதி வயல்ல ஒண்ணும் முளைக்கிறதில்லை. புளிச்சுப் போய்க் கிடக்கு. எல்லாருக்கும் முதல்ல ஆகட்டும்னு விட்டேன். எனக்குத்தான் இல்லாம போச்சு."

"தெரியும்" என்றார் சல்லடையம்மா. தலைவருடைய வயல் நின்றுபோனதில் தன் பங்கு உண்டு என்பது அவருக்குத் தெரியும். அதற்காகப் பதத்தை மாற்றப் போவதில்லை என்பதும் தெரியும்.

மருமகள்தான் கதவோரத்திலிருந்து பேசினாள். "ரெண்டாவதா ஒரு எரு வண்டி இருந்தா ஒன்பதும் முடியும்ங்க. நான் நாள் வச்சுப் பாத்துட்டேன். ஒரு மாசம் முன்னாடியே பிசைய ஆரம்பிச்சு, தார்ப்பாய் போட்டு மூடி வச்சா ஈரம் போகாது."

"ரெண்டாவது வண்டிக்கு நான் எங்கம்மா போவேன்?"

"பக்கத்து ஊர்ச் சங்கத்துல கேளுங்க. அவங்களுக்கும் இந்தப் பொடி வேணும்ல. வண்டி அவங்களோடது, பிசையறது நாங்க. கூட்டத்துல வைங்க. நாங்க பதினாலு பேரும் கை தூக்குறோம்."

தலைவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை நாளில் அவளை அவர் பார்த்ததெல்லாம் தாடைக் கவசமும் தலைத்துணியுமாகத்தான். "யாரு, உங்க மருமகளா?" என்று சல்லடையம்மாவைக் கேட்டார்.

"ஆமா. இருமல் நின்னுடுச்சு. அதான் வாய் நீளுது."

தலைவர் மீதித் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தார். வாசலில் குடையை விரிக்கும்போது, "கூட்டத்துல வைக்கிறேன். ஒத்துக்கிட்டேன்னு நினைச்சுக்காதீங்க" என்றார்.

"வைங்க, போதும்" என்றாள் மருமகள். "அப்படியே உங்க வண்டியை இப்பவே பட்டறையில விட்டுடுங்க. இடது பக்கம் ரெண்டு பல்லு உடைஞ்சிருக்கு."